கலயம் இறங்கும் நேரம்
சிக்கல், சாயல்குடி பனங்காட்டு வழியே சைக்கிளில் போக ஒரு திட்டம்

பிரான்சில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் மிதிப்பதையே விடுமுறையாக வைத்திருக்கிறார்கள். பர்கண்டி வட்டாரத்தில் போன் என்ற சிறு நகரிலிருந்து சாந்தனே வரை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஒரு பாதை தோட்டம் தோட்டமாக நுழைந்து போகிறது. லுவார் ஆற்றை ஒட்டிய பாதையின் நீளம் சுமார் 900 கிலோமீட்டர். ஜெர்மனி எல்லையோரத்து அல்சாஸில் 170 கிலோமீட்டர் திராட்சை மதுச் சாலையை 1953லேயே வகுத்துவிட்டார்கள். கூடவே வழிகாட்டி யாரும் வருவதில்லை. அறை பதிவது, வரைபடம் தருவது, பெட்டியை அடுத்த ஊருக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் ஒரு நிறுவனத்தின் பொறுப்பு. மிதிப்பதும் வழி தப்புவதும் நம் பொறுப்பு. மாலையில் ஏதாவதொரு தோட்டத்தில் இறங்கினால், அந்த மண்ணில் விளைந்ததை அங்கேயே ருசி பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக எந்த ஊர் என்று கேட்டால் கம்பம் பள்ளத்தாக்கு என்று பதில் வரும். பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் 2023இல் கிடைத்துவிட்டது. ஆனால் பிரான்சின் விசேஷம் வெறும் திராட்சை அல்ல. ஒரு வட்டாரத்தின் பொழுது, கூலி, சாப்பாடு, குடி, வம்பு, சட்டம் எல்லாம் ஒரே தாவரத்தைச் சுற்றி அமைந்திருப்பதுதான் விசேஷம். அப்படிப் பார்த்தால் இங்கே அந்த இடம் பனைக்கு. அதைச் சைக்கிள் வேகத்தில் பார்க்கத் தோதான ஊர் ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்திலுள்ள சிக்கல்.

முதலில் ஓர் எச்சரிக்கை. செல்போனில் ‘சிக்கல்’ என்று மட்டும் தட்டினால் நாகப்பட்டினம் பக்கத்துச் சிங்காரவேலர் கோயிலுக்கு வழி காட்டும். நான் சொல்லும் சிக்கலுக்குத் தெற்கே வாலிநோக்கம் கடல், கிழக்கே ஏர்வாடி, மேற்கே கடலாடியும் சாயல்குடியும். ராமநாதபுரத்திலிருந்து உத்தரகோசமங்கை வழியாக வந்தால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மேடு பள்ளம் கிடையாது. கியர் இல்லாத சைக்கிளே போதும்.

மலை இல்லை என்று நிம்மதியடைய வேண்டாம். இந்தக் கரையில் மலையின் வேலையைக் காற்று செய்கிறது.

மன்னார் வளைகுடாக் கரையின் மீனவர்கள் காற்றைத் திசை பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பார்கள். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான். ஐப்பசி தொடங்கி மாசி வரை வாடையும் கொண்டலும் மாறி மாறி அடிக்கும். வைகாசிக்கு மேல் கச்சானின் ஆட்சி, புரட்டாசி வரை விடாது. கச்சான் முகத்தில் அடிக்கும்போது சாயல்குடிச் சாலையில் மேற்கே மிதிப்பவருக்குச் சமதரையில்கூடத் தொடை வலிக்கும். பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது பழைய வழக்கம். ரயிலுக்கே அந்த மரியாதை என்றால் பதினைந்து கிலோ சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஊர்ப் பட்டியலைப் போடுவதற்கு முன் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். அதைக் காற்று மட்டும் முடிவு செய்வதில்லை. பனையிடமும் கேட்க வேண்டும்.

மார்கழி, தையில் பனங்கிழங்கு. மாசியில் பாளை சீவத் தொடங்கி ஆடி வரை பதநீர். சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆடி, ஆவணியில் பனம்பழம். பழத்துக் கொட்டையைப் புதைத்தால் அடுத்த தைக்கு மறுபடி கிழங்கு. பிரான்சின் திராட்சைக்கு அறுவடை ஆண்டுக்கு ஒரு முறை, செப்டம்பரை ஒட்டி. அப்போது அங்கே அறை கிடைப்பதே அபூர்வம். பனை வருஷம் முழுக்க ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறது. எதைத் தின்ன, எதைக் குடிக்க வருகிறோம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சிக்கலுக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்கள் 1998இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. கிட்டத்தட்ட 593 ஹெக்டேர். முதுகுளத்தூர் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் ராம்சார் பட்டியலிலேயே இருக்கின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும். ஆனால் அவை இருப்பது கண்மாயில் தண்ணீர் கிடக்கும்வரைதான், மாசிக்கு மேல் கிளம்பத் தொடங்கிவிடும். பதநீர் களை கட்டுவதோ பங்குனியில். பறவை வேண்டுமென்றால் தையில் வந்து கிழங்கோடு திருப்திப்பட வேண்டும். பதநீர் வேண்டுமென்றால் பங்குனி, பறவைக்கு ஆசைப்படக் கூடாது. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் போதும் என்பவருக்கு மாசிக் கடைசி. என் ஓட்டு பங்குனி முதல் வாரத்துக்கு. வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் வந்திருக்காது, வெயில் இன்னும் முழுசாக ஏறியிருக்காது. போனஸாகக் களத்திலும் சாலையோரத்திலும் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கும் 2023இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. மூச்சிரைக்க மிதிக்கும்போது அந்த நெடி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, அது வேறு விஷயம்.

தனுஷ்கோடியை முதல் நாளே முடித்துவிடுங்கள்

இந்தக் கரைக்கு வருகிற எல்லோரும் தனுஷ்கோடியைக் கடைசிக்கு வைக்கிறார்கள். நிலம் முடிகிற இடத்தில் பயணமும் முடிந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று நினைப்பு. நான் அதைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். ராமேஸ்வரத்தில் தொடங்கித் தென்மேற்காக இறங்கிப் பனங்காட்டில் முடியுங்கள்.

காரணங்கள் சாதாரணமானவைதான். மாசி, பங்குனியில் மிச்சமிருக்கும் காற்றும் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருவதால் முதுகைத் தள்ளும். கருப்பட்டியைக் கடைசியில் வாங்கினால் ஐந்து நாளும் சுமக்க வேண்டாம். மூன்றாவது காரணம் ரயில். சொந்தச் சைக்கிளைச் சென்னையிலிருந்து கொண்டுவருபவர்கள் பார்சல் அலுவலகத்தில் பதிந்து, சேது எக்ஸ்பிரஸிலோ போட் மெயிலிலோ பிரேக் வேனில் ஏற்றுவார்கள். இரண்டு நிமிஷம் நிற்கிற நடுவழி நிலையத்தில் சைக்கிளை இறக்குவது பதற்றம். வண்டி கடைசியாக நிற்கும் ராமேஸ்வரத்தில் அந்தப் பதற்றம் இல்லை. 2022 டிசம்பரில் பழைய பாலம் மூடப்பட்ட பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில்கள் தீவுக்குள் போகவில்லை. 2025 ஏப்ரல் 6இல் புதிய தூக்குப் பாலம் திறந்த பிறகுதான் இந்த வசதி திரும்பியது.

தனுஷ்கோடிக்கு விடியற்காலையில் கிளம்புங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கடல், ஒரு மரமில்லை, காற்று அள்ளிப் போட்ட மணல் சில இடங்களில் தார்மேல் கிடக்கும். மெல்லிய டயர் அதில் வழுக்கும். மாலைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சுவர்களைப் பார்க்க வேன் வேனாக ஆட்கள் வருமுன் நீங்கள் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும்.

முகுந்தராயர் சத்திரம் என்ற பெயர் இந்த மண்ணின் பழைய பயண ஏற்பாட்டுக்குச் சாட்சி. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் சேதுபதிகளிடம் ஒப்படைத்த முக்கியமான பொறுப்புகளில் ஒன்று, ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்கு வழிப்பாதுகாப்பு. சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்களைக் கட்டி மானியம் விட்டார்கள். காசியிலிருந்து நடந்து வந்தவர்கூட அடுத்த வேளைச் சோற்றுக்கும் அன்றிரவுத் திண்ணைக்கும் கவலைப்பட வேண்டியதில்லை. வழிகாட்டி இல்லாமல் தானாகப் பயணம் போகிறவருக்கு வேண்டியது தங்குமிடம், தண்ணீர், சோறு, நம்பகமான வழி. பிரான்சு அதைச் சமீபத்தில்தான் சைக்கிள்காரர்களுக்கென்று ஒழுங்கு செய்தது. கிவ்ரியிலிருந்து க்ளூனி வரை ஓடாத ரயில் தடத்தைப் பெயர்த்து, அந்நாட்டின் முதல் பசுமைப் பாதையைத் திறந்தது 1997இல். நாம் முன்னூறு வருஷத்துக்கு முன் செய்ததைக் கைவிட்டுவிட்டு, இப்போது சுற்றுலாத் துறை ஏதாவது அறிவிக்குமா என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் நாள் பாம்பன் பாலம். 1988இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயில் பாலத்தைப் படமெடுக்கக் காரை ஓரம் கட்டுகிறவர்களால் சைக்கிளுக்கு இடமே இருக்காது. பாலத்தில் நிற்காமல் கடந்துவிட்டு மண்டபத்தில் இறங்கிப் பார்க்கலாம். உச்சிப்புளி தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பி, பெரியபட்டினம் வழி கிராமச் சாலையைப் பிடித்தால் கீழக்கரை. லாரித் தொல்லை குறைவு. கீழக்கரையில் தொதல் வாங்கிச் சாப்பிடுங்கள், தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டியது. சைக்கிளோட்டிகள் வாங்கும் விளம்பர மிட்டாய்களைவிட ஒரு துண்டுத் தொதல் அதிக தூரம் இழுக்கும்.

மூன்றாம் நாள் ஏர்வாடி வழியாக வாலிநோக்கம். உப்பளங்கள், தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் பாத்திகள், மாரியூர்க் கடற்கரையில் பூவேந்தியநாதர் கோயில். இங்கிருந்து பனை நெருக்கமாகிறது.

மரத்தின் கடிகாரம்

பனையேறி விடியுமுன் மரத்தடிக்கு வந்துவிடுவார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, அதற்குள் பாளை அரிவாள், சுண்ணாம்பு. உச்சிக்குப் போய் முந்தைய மாலை கட்டிய கலயத்தில் சேர்ந்திருப்பதைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித் திரும்பக் கட்டிவிட்டு இறங்குவார். மாலையில் மறுபடி அதே மரங்கள். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை வறளத் தொடங்கும். அதனால் சீசனில் லீவு கிடையாது.

வருகிறவர் தன் பொழுதை இதற்குத்தான் ஒப்புக்கொடுக்க வேண்டும். பதநீர் குடிக்கச் சரியான நேரம் காலை ஆறரைக்குள். வெயில் ஏற ஏற அதன் குணம் மாறும். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். ஓலை வாசனையும் லேசான சுண்ணாம்புக் காரமும் இளஞ்சூட்டு இனிப்பும் சேர்ந்த அந்தச் சுவை, சென்னை சாலையோரப் பிளாஸ்டிக் டம்ளரில் கிடைப்பதன் சுவை அல்ல. ஏழரைக்கு எழுந்து காபி குடித்துவிட்டுப் பனங்காட்டுக்குப் போகிறவருக்கு மரம்தான் இருக்கும்.

ஏழு மணிக்கு மேல் வேலை விடிலியில். ஓலை வேய்ந்த அந்தக் குடிசையில் பெரும்பாலும் பெண்கள் பதநீரைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். காய்ந்த மட்டையும் ஓலையும் விறகு. பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள். பாகு பதத்துக்கு வரும்வரை துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. மரமேறுகிற ஆபத்து எல்லோர் கண்ணிலும் படும். பங்குனி வெயிலில் அடுப்பு முன் சில மணி நேரம் நிற்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பனையேறிகளைப் படமெடுத்தவர்கள் விடிலிக்குள் எட்டிப் பார்த்ததும் குறைவு.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள். அதுதான் இந்தப் பயணத்தில் கிடைக்காத பாதி. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்கத் தடை. பிரான்சில் ஒரு தோட்டத்துக்குப் போனால் எந்த மலைச்சரிவு, எந்த ஆண்டு என்று கேட்டு ஐந்தாறு கிண்ணம் ருசி பார்க்கலாம். (சைக்கிளோட்டிக்கும் அங்கே ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பது சும்மாவல்ல.) இங்கே அரசே டாஸ்மாக் கடையில் ரம்மும் பிராந்தியும் விற்கிறது. மரத்திலிருந்து இறங்குகிற, பீர் அளவுக்கே போதை தரும் பானம் மட்டும் குற்றம். பக்கத்தில் கேரளாவில் கள்ளுக்கடை உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் அதே கடை தவறணை என்ற பெயரில் உண்டு, அங்கே பனங்கள்ளை பாட்டிலில் அடைத்தும் விற்கிறார்கள். தடையை ஆதரிப்பவர்களிடம் கலப்படக் கள்ளின் பழைய அனுபவம் என்ற நியாயம் இருக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் கலப்படம் பயமென்றால் சோதனை வைக்க வேண்டும், பர்கண்டிக்காரர்கள் செய்வதும் அதுதான். 1935 முதல் எந்த ஊர்ப் பெயரை எந்தப் புட்டியில் ஒட்டலாம் என்பதற்கே சட்டமும் கண்காணிப்பும் வைத்திருக்கிறார்கள். இங்கே மறைவாக யாராவது கள்ளை நீட்டினாலும் வாங்காதீர்கள். வழக்கு வந்தால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், மாட்டிக்கொள்வது மரமேறியவர்.

கண்காணிப்பில்லாத குறை கருப்பட்டியிலும் தெரிகிறது. சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளம். சீனி மலிவு, கலந்தால் விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். சுத்தமான கருப்பட்டிக்காரர் அந்த விலைக்குப் போட்டி போட முடியாமல் தொழிலை விடுகிறார். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரைக் காக்கும் ஏற்பாடு வலுவாகாதவரை அது சுவரில் மாட்டிய சான்றிதழ். இங்கே நேரில் வருகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்து, அந்த விடிலியிலேயே வாங்கலாம். பேரம் பேச வேண்டாம்.

மாநில மரம் என்று 1978இலேயே பெருமை கொடுத்தாயிற்று. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனை இயக்கம் அறிவித்து, கலெக்டர் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றும் சொல்லியாயிற்று. மரத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. ஏற ஆளில்லை. பனையேறியின் மகன் பனையேறுவது அபூர்வமாகிவிட்டது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. மும்பையிலிருந்து நாகர்கோவில் வரை பனையைத் தேடி மோட்டார் சைக்கிளில் வந்து ‘பனைமரச் சாலை’ என்ற புத்தகம் எழுதினார் காட்சன் சாமுவேல். அவர் போன வழியில் சைக்கிள்கள் போகத் தொடங்கினால் விடிலிகளுக்குக் கொஞ்சம் காசு வரலாம். அதற்கு மேல் சுற்றுலா எதையும் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை.

விடிலிக்குப் போவதற்கும் நாகரிகம் வேண்டும். முன்கூட்டி ஊர்க் கடையில் விசாரித்து, அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். பதநீருக்குக் காசு கொடுங்கள். ஏறிக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு இந்தப் பக்கம் திரும்பச் சொல்லாதீர்கள், ஐம்பதடி உயரத்தில் அவருக்குப் பிடிமானம் ஒரு நார்.

முள், வால்வ், தண்ணீர்

இந்த மாவட்டத்தில் சைக்கிளுக்கு முதல் எதிரி சீமைக்கருவேலம். கண்மாய், புறம்போக்கு, சாலையோரம் என்று எங்கும் அது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து முள் தாரில் சிதறும். டயரில் ஏறினால் டியூப் வரை போகும். தடித்த டயர் போடுங்கள். ஒட்டுப்போடும் சாமான், நெம்பி, இரண்டு டியூப், கைப்பம்பு கட்டாயம். நிழலுக்காக மரத்தடியில் சைக்கிளை உருட்டுமுன் அது என்ன மரம் என்று பாருங்கள்.

விலையுயர்ந்த சைக்கிள்களில் ஒல்லியான வால்வ் இருக்கும், பிரெஞ்சு வால்வ் என்றே அதற்குப் பெயர். சாயல்குடி சைக்கிள் கடைப் பம்பில் அது உட்காராது. சில்லறைச் சமாச்சாரமான பித்தளை அடாப்டரை முன்கூட்டியே வாங்கிவைத்தால் ஒரு நாள் மிச்சம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் ஊர் ஊருக்கு ஓடுவதால், அந்த ரகத்துக்கு உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். உண்மையில் அப்படி ஒன்றை ஓட்டி வருகிறவர்தான் இந்தச் சாலையில் கவலையில்லாத மனிதர்.

தண்ணீரை மறக்காதீர்கள். வானம் பார்த்த பூமி. பல கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பு, குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கிறார்கள், குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிப் போகும் பெண்களை வழியில் பார்ப்பீர்கள். அவர்களிடம் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் கேட்கக் கூடாது. மூன்று லிட்டர் சுமந்து போங்கள், கடை கண்ட இடத்தில் நிரப்புங்கள்.

சிக்கலைக் கடந்துபோகும் ஊராக வையுங்கள், இரவு தங்க அல்ல. அறைக்கு ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, ராமநாதபுரம். ஏர்வாடியில் தர்கா சந்தனக்கூடு விழாச் சமயம் என்றால் அறைக்கு ஆசைப்படாதீர்கள். சாயல்குடியில் எளிய லாட்ஜ்தான், கிளம்புமுன் போனில் பேசிவிடுங்கள். நாலாம் நாள் விடிகாலை சாயல்குடியைச் சுற்றியுள்ள பனங்காட்டுக்கு. ஒன்பது மணிக்குள் அறைக்குத் திரும்பி, வெயில் தணிய நாலு மணிக்கு மேல் செல்வனூர்க் கண்மாய்க் கரை வரை போய் வரலாம்.

ஐந்தாம் நாள் சிக்கல் வழியாக உத்தரகோசமங்கை. மரகத நடராசர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பு களைவார்கள். பங்குனியில் போகிறவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கோயிலிலிருந்து ராமநாதபுரம் பதினெட்டு கிலோமீட்டர்.

கருப்பட்டியைப் பாலிதீன் பையில் கட்டாதீர்கள், வியர்த்து இளகிவிடும். ஓலைப்பெட்டியில் வாங்கி, பெட்டியோடு கேரியரில் கட்டுங்கள். சென்னை ரயில்கள் மாலையிலும் இரவிலும்தான். ராமநாதபுரத்தில் ரயில் நிற்பது கொஞ்ச நேரம் என்பதால், பார்சல் அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சைக்கிளுக்குச் சீட்டு ஒட்டி, பிரேக் வேன் எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று போர்ட்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.